கீழாநெல்லியும் ஈரற் கலங்களும்: காங்கேசன்துறைக் கிணற்றடியிலிருந்து சில வரலாற்றுக் குறிப்புகள்

காங்கேசன்துறையில் எங்கள் வளவின் கிணற்றடியில் கீழாநெல்லியை எவரும் நட்டுவைத்ததில்லை. மாரி மழை தொடங்கி இரண்டு கிழமைகளில் அது தானாகவே முளைத்துவிடும். துலாவடியில் ஈரம் ஊறும் இடமெல்லாம் சாணளவு உயரத்தில், இலைகளின் கீழே கடுகு போன்ற காய்களை வரிசையாகக் கட்டிக்கொண்டு நிற்கும். முற்றத்துப் புல்லைச் செருக்கும்போது ஆச்சி பின்னாலேயே வந்து நிற்பார். “அதை விடு மோனை, செங்கமாரிக்கு வேணும்” என்பார்.

செங்கண்மாரி என்று ஏட்டிலும் செங்கமாரி என்று பேச்சிலும் எங்கள் பக்கத்தில் வழங்கும் நோயைத் தமிழகத்தார் மஞ்சட்காமாலை என்பர். கண்ணின் வெண்படலம் மஞ்சளாகும். சிறுநீர் தேயிலைச் சாயம் போலாகும். சோற்றைக் கண்டாலே ஓங்காளிக்கும். இவற்றைக் கண்டதும் ஊரில் எவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. கிணற்றடிக்குத்தான் போவார்கள்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கின் ஏனைய கிராமங்களைப் போலவே காங்கேசன்துறையும் வெறுமையாயிற்று. சீமெந்துத் தொழிற்சாலையின் சங்கொலி நின்றது. நாங்கள் தெற்கே ஒரு பாடசாலைக் கட்டடத்தில் ஒதுங்கினோம். வகுப்பறைக்கு நான்கு குடும்பங்கள். எல்லோருக்கும் ஒரே கிணறு. அதிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்தில் அவசரத்துக்கு வெட்டிய மலக்குழிகள். பல்கலைக்கழகத்தின் கலைப்பீட மாணவனாயிருந்த எனக்கு மறு ஆண்டு செங்கண்மாரி கண்டது. அந்த வரிசையில் நான் முதல்வனுமல்லன், கடைசியானவனுமல்லன். ஆச்சி பாடசாலை வேலியோரம் தேடிக் கீழாநெல்லி பிடுங்கி வந்தார். இரவல் அம்மியில் அரைத்து ஆட்டுப்பாலில் கரைத்து வெறுவயிற்றில் தந்தார். உப்பில்லை, எண்ணெயில்லை, மீனில்லை. மூன்று கிழமைகளில் கண் வெளுத்தது.

ஆச்சியின் கைமருந்து வென்றுவிட்டது என்று பாடசாலையே நம்பியது. நானும் நம்பினேன். அந்த நம்பிக்கைக்குப் பின்னாளில் ஒரு விலை கொடுக்கவேண்டியிருந்தது. கொடுத்தவர் நானல்லர். அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

கல்லும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமர்ந்திருக்கும் நிலம் இது. பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர் வில்லையாக மிதக்கிறது. நாம் கிணற்றிலிருந்து அள்ளுவது அந்த வில்லையைத்தான். மணற்பாங்கான நிலம் நீரைச் சற்று வடித்துக் கொடுக்கும். வெடித்த சுண்ணாம்புக்கல் அப்படியன்று. மேலே ஊற்றியது ஓடை வழியே ஓடுவதுபோல் அடுத்த கிணற்றுக்குப் போய்ச் சேரும். கீரிமலைக் கேணியில் கடலோரத்தில் நன்னீர் ஊற்றெடுப்பதும் இதே கல்லின் விந்தைதான். குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லியின் கதையும், கீரிமுகம் நீங்கிய நகுலமுனிவரின் கதையும் அந்த ஊற்றைச் சுற்றி எழுந்தவை. மாவிட்டபுரத்து முருகனாகிய காங்கேயனின் திருவுருவம் வந்திறங்கியதால் கயத்துறை காங்கேசன்துறையாயிற்று என்பதும் அந்த ஐதீகத்தின் தொடர்ச்சியே. நோய் தீர்க்கும் நீர் என்ற நினைவில் வாழ்ந்த ஊர் எங்களுடையது. அதே கல், நோயையும் கிணற்றுக்குக் கிணறு கடத்த வல்லது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நீர் வழியே வரும் செங்கண்மாரி பெரும்பாலும் இரண்டு வைரசுகளின் வேலை. ஒன்று ஹெப்பரைற்றிஸ் ஏ, மற்றது ஈ. 1955ஆம் ஆண்டின் இறுதியில் டில்லி மாநகரில் யமுனையின் கழிவு கலந்த நீர் குடிநீர்க் குழாய்களுக்குள் புகுந்தபோது ஏறத்தாழ 29,000 பேருக்குச் செங்கண்மாரி கண்டது. கர்ப்பிணிகள் பலர் மாண்டனர். அது ஈ வகையின் வேலை என்பது கால் நூற்றாண்டுக்குப் பின்னர், சேமித்து வைத்திருந்த குருதி மாதிரிகளைச் சோதித்தபின், படிப்படியாகவே தெளிவாயிற்று. இலங்கையில் 2007ஆம் ஆண்டு கம்பளையிலும், 2009ஆம் ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலும் ஏ வகை பரவியது. நெருக்கமாக மனிதரை அடைத்து வைத்து, நீரையும் மலத்தையும் அருகருகே விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்திருக்கலாமே என்று வெளிநாட்டு நண்பர் ஒருவர் கேட்டார். தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடைக்குட்பட்ட பண்டம். விறகு விலையேறிய பண்டம். சோறு வேகவைக்கத் தேடிய விறகில் எவரும் தண்ணீரை வேகவைக்கவில்லை.

ஈரலைப் பார்க்கத் தெரியாத காலம்

நம்மவரின் மருத்துவ மரபில் காமாலை பித்தத்தின் கேடு. பாண்டு நோயோடு சேர்த்து எண்ணப்படுவது. செகராசசேகரம், பரராசசேகரம் என்று யாழ்ப்பாண அரசர்களின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் நமக்குண்டு. அவற்றுள் பரராசசேகரத்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாகம் பாகமாக அச்சேற்றியவர் காங்கேசன்துறைக்குத் தெற்கே அதிக தூரமில்லாத ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை. ஊர்ப் பரியாரிமார் அந்த மரபில் வந்தவர்கள்.

மேலை மருத்துவமும் இங்கு தமிழிலேயே வந்தது என்பதை இன்றைய தலைமுறை அறியாது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்னர் அதைத் தமிழிலேயே நடத்தினார். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் அவரிடம் பயின்றனர். கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872ஆம் ஆண்டு தமிழில் வெளிவந்தது. ஈரலின் வடிவம், நிறை, நாளங்கள் எல்லாம் தமிழில் படிக்கக் கிடைத்த காலம் அது. ஆனால் ஈரல் ஏன் நோயுறுகிறது என்பதை அப்போது எந்த மொழியிலும் படித்திருக்க முடியாது.

காரணம் உண்டு. ஜேர்மனியின் ருடோல்ப் விர்ச்சோ, நோய்களெல்லாம் கலங்களில் தோன்றுவன என்று உலகுக்குக் கற்பித்த அதே பேராசான், செங்கண்மாரி விடயத்தில் கலத்தைக் கோட்டைவிட்டார். (உடலின் மிகச் சிறிய உயிருள்ள அலகை இலங்கைப் பாடநூல்கள் கலம் என்கின்றன, தமிழகத்தார் உயிரணு அல்லது செல் என்பர்.) பித்தக்குழாயின் வாயிலில் சளி அடைப்பதாலேயே மஞ்சள் உண்டாகிறது என்று அவர் 1865ஆம் ஆண்டு எழுதினார். அவருடைய பெயருக்கிருந்த மதிப்பினால் அந்தக் கருத்து எழுபது ஆண்டுகள் ஆட்சி செய்தது. இந்நோயில் இறப்பவர் குறைவு. இறந்தவரின் ஈரலோ அழுகிச் சிதைந்திருக்கும். நோயின் நடுவில் உயிரோடிருப்பவரின் ஈரலை யார் பார்ப்பது?

1939ஆம் ஆண்டு கோப்பன்ஹேகனில் இவர்சன், ரோஹோம் என்ற இரு வைத்தியர்கள் அதைப் பார்த்தனர். விலாவினூடாக ஊசியைச் செலுத்தி, நூலிழை போன்ற ஈரற் துணுக்கை உறிஞ்சியெடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தனர். பித்தக்குழாயில் அடைப்பில்லை. ஈரற் கலங்களே வீங்கியும் சுருங்கியும் செத்தும் கிடந்தன.

ஆண்டுகள் பல கழிந்து ஐம்பதுகளின் நடுப்பகுதியில், ஊசியே இல்லாமல் அந்தச் சேதத்தை அளக்கும் வழி பிறந்தது. ஈரற் கலத்துக்குள் இருக்கவேண்டிய சில நொதியங்கள், கலத்தின் சுவர் கெடும்போது குருதியில் கசிகின்றன. எஸ்.ஜி.பி.ரி., எஸ்.ஜி.ஓ.ரி. என்று இன்று ஒவ்வொரு ஆய்வுகூடச் சீட்டிலும் காணும் எண்கள் அந்தக் கசிவின் அளவுகளே.

கலம் என்ன செய்கிறது?

இந்த இடத்தில் ஊர்ப்பக்க உவமை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். சீமெந்துத் தொழிற்சாலையில் எங்கள் குடும்பத்தில் இருவர் வேலை செய்தனர். 1950ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையில், உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லும் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்த களிமண்ணும் சேர்ந்து சுழல் உலைக்குள் போகும். உலையின் வேகமும் அரைவையின் வேகமும் மூட்டை கட்டும் வேகமும் ஒத்துப்போகவேண்டும். ஒன்று பிந்தினால் முன்னுள்ளது தேங்கும். தேங்கினால் முதலில் கல் வருவதை நிறுத்துவார்கள். பிறகு மேலதிக ஆட்களை அழைத்துத் தேங்கியதை அள்ளுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் உலையை அணைப்பார்கள். உலையை அணைப்பது சிறு காரியமன்று என்று சித்தப்பா சொல்வார்.

ஈரற் கலம் அத்தகைய ஆலை. குருதியின் புரதங்களில் மிகப் பெரும் பகுதியை ஆக்குவது அதுவே. புரதங்களை மடித்து ஒழுங்குபடுத்தும் பட்டறை, கலத்துக்குள் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் அகமுதலுருச் சிறுவலை. வைரசு உள்ளே புகுந்ததும் தன் புரதங்களை அந்தப் பட்டறையிலேயே செய்விக்கிறது. பி வகை வைரசு இதில் பேராசை பிடித்தது. தனக்கு வேண்டியதைக் காட்டிலும் பல மடங்கு அதிகமாக மேலுறைப் புரதத்தை ஆக்கிக் குவிக்கிறது. மடிக்கப்படாதவையும் வெளியேறாதவையும் சிறுவலையில் தேங்குகின்றன. அப்போது கலம் செய்வது ஏறக்குறைய சித்தப்பா சொன்னதுதான். தேக்கத்தை உணரும் மூன்று வகைக் காவற் புரதங்கள் சிறுவலையின் சுவரில் உள்ளன. அவை எழுப்பும் அபாய அறிவிப்பினால் புதுப் புரத உற்பத்தி தணிக்கப்படுகிறது. மடிப்பதற்கு உதவும் துணைப் புரதங்கள் கூடுதலாக வரவழைக்கப்படுகின்றன. கெட்டுப்போனவை இழுத்தெடுக்கப்பட்டு அழிக்கப்படுகின்றன. பெரும்பாலும் இதனால் கலம் தப்பிப் பிழைக்கிறது. தேக்கம் தீராவிட்டால் அதே அறிவிப்பு, கலத்தைத் தானே மடியச் செய்யும் கட்டளையாக மாறுகிறது.

இது ஊகமன்று, கண்ணால் காணக்கூடியது. பி வைரசை நெடுங்காலம் சுமப்பவரின் ஈரலில் சில கலங்கள் தேய்த்த கண்ணாடி போல் மங்கித் தெரிவதை 1973ஆம் ஆண்டு ஹட்சியானிஸ் என்ற கிரேக்க வைத்தியரும் கூட்டாளிகளும் விவரித்தனர். மேலுறைப் புரதம் தேங்கிப் பருத்த சிறுவலையே அந்த மங்கல். எண்பதுகளில் அமெரிக்காவில் பிரான்சிஸ் சிசாரியின் குழுவினர் அந்தப் புரதத்தை மட்டும் மிகையாக ஆக்கும் எலிகளை உருவாக்கினர். வைரசு இல்லை, வெறும் தேக்கம் மட்டுமே. அந்த எலிகளுக்கு ஈரல் கெட்டது; வயது செல்ல ஈரலில் புற்றுநோயும் வந்தது.

கலம் தானாக மடிதல் என்ற கருத்தே ஈரலிலிருந்து பிறந்தது என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவுஸ்திரேலியரான ஜோன் கெர் அறுபதுகளில் இலண்டனில் எலியின் ஈரலுக்குச் செல்லும் நாளத்தைக் கட்டி, கலங்கள் சாகும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில கலங்கள் வெடித்துச் சிதறாமல் ஒழுங்காகச் சுருங்கி, துண்டுகளாகி, அயற் கலங்களால் விழுங்கப்பட்டன. 1972ஆம் ஆண்டு அவரும் வைலி, கறி என்ற இருவரும் அதற்கு அப்பொப்டோசிஸ் என்று பெயரிட்டனர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. இத்தகைய சுருங்கிய உருண்டைகளை 1890ஆம் ஆண்டளவிலேயே அமெரிக்கரான கவுன்சில்மன் மஞ்சட்காய்ச்சலில் இறந்தவர்களின் ஈரலில் கண்டு குறித்திருந்தார். என்னவென்று தெரியாமலே கண்டார்.

பாடசாலையில் என்னைப் பிடித்த ஏ வைரசின் கதை வேறு. அது உள்ளே புகுந்து சராசரி 28 நாட்கள் ஓசைப்படாமல் பெருகுகிறது. கலத்தில் அபாய அறிவிப்பைக் கடத்தும் புரதம் ஒன்றை அது வெட்டிவிடுவதை 2007ஆம் ஆண்டில் கண்டனர். கலத்தின் சொந்த மென்சவ்வைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு அது குருதியில் உலவுவதை 2013ஆம் ஆண்டில் கண்டனர். அந்த மௌன நாட்களில்தான் நோயாளி மிக அதிகமாக வைரசை மலத்தில் கழிக்கிறார். கண் மஞ்சளாகும்போது பரப்பவேண்டியதைப் பரப்பி முடித்திருப்பார். எங்கள் கிணற்றுக்கு நான் செய்த கைங்கரியமும் அதுவாகவே இருக்கும்.

பின்பு ஏன் ஈரல் கெடுகிறது? நம்மைக் காக்க வரும் ரி நிணநீர்க் கலங்கள் வைரசு தொற்றிய ஈரற் கலங்களைக் கொல்வதே காரணம் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. பி வகையில் அதுவே பெரும்பகுதி உண்மை. ஏ வகையில் 2016ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்லி லெமன் குழுவினர் எலிகளில் செய்த ஆய்வு, தொற்றிய கலம் தன் சொந்த அபாய அறிவிப்பினாலேயே மடிகிறது என்று காட்டிற்று. அறிவிப்புப் புரதம் இல்லாத எலிகளில் வைரசு பெருகியது. ஈரல் அழற்சி மட்டும் வரவில்லை. எலியில் கண்டது மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி இருக்கவே செய்கிறது. எனினும் கண்ணில் தெரிந்த அந்த மஞ்சள், வைரசின் கைவரிசையைக் காட்டிலும் எனது கலங்களின் பதிலடியின் அடையாளமாக இருந்திருக்கலாம் என்று எண்ணும்போது ஒரு வியப்பு. மஞ்சள் என்பது பிலிருபின். வயது முதிர்ந்த செங்குருதிக் கலங்கள் உடைவதால் அன்றாடம் உண்டாவது. நலமான ஈரல் அதைப் பித்தத்தில் கலந்து வெளியேற்றிவிடும். பதிலடியில் மும்முரமாயிருக்கும் ஈரலுக்கு அதற்கு நேரமில்லை.

இனி முக்கியமான செய்தி. ஈரல் மீள வளரும். எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்தாலும் எஞ்சியது சில நாட்களில் பழைய நிறைக்கு வளர்வதை ஹிகின்ஸ், அண்டர்சன் என்போர் 1931ஆம் ஆண்டு எழுதினர். ஏ வகைச் செங்கண்மாரி கண்டவரில் மிகப் பெரும்பாலோர், மருந்து உண்டாலும் உண்ணாவிட்டாலும், சில கிழமைகளில் தேறிவிடுவர். ஆச்சி ஆட்டுப்பாலில் கரைத்துத் தந்தது வென்றதற்கான காரணம் இதுதான்.

பிலடெல்பியாவும் சென்னையும்

நிற்க. கீழாநெல்லிக்கு நோபல் பரிசாளர் ஒருவரின் சாட்சி கிடைத்த கதைக்கு வருவோம்.

அமெரிக்கரான பரூக் புளூம்பேர்க் தேடியது ஈரல் நோயை அன்று. மனித இனங்களின் குருதியில் காணும் பரம்பரை வேறுபாடுகளைத் தேடினார். அடிக்கடி குருதி ஏற்றப்பட்ட நோயாளியின் குருதிநீர், அவுஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் குருதிநீரோடு சேர்ந்து கோடிடுவதை 1965ஆம் ஆண்டு வெளியிட்டார். அவுஸ்திரேலியா அன்டிஜன் என்ற அந்தப் பொருள் என்னவென்று அவருக்கே தெரியாது. 1967ஆம் ஆண்டு அவரது ஆய்வுகூட உதவியாளர் பார்பரா வேர்னர் உடல்நலம் குன்றி, தம் குருதியைத் தாமே சோதித்தார். முன்பு இல்லாத கோடு இப்போது தெரிந்தது, செங்கண்மாரியும் தொடர்ந்தது. அந்த அன்டிஜன்தான் பி வைரசின் மேலுறைப் புரதம், ஈரற் கலத்தின் பட்டறையில் தேங்குவதாக மேலே சொன்ன அதே சரக்கு. 1976ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த யூலை 28 இன்று உலக ஈரலழற்சி தினம்.

அவருடைய பிலடெல்பியா ஆய்வுகூடத்தில் பி.எஸ். வெங்கடேஸ்வரன் என்ற ஆய்வாளர் இந்திய மூலிகைகளை வைரசுக்கு எதிராகச் சோதித்தார். 1987ஆம் ஆண்டு கட்டுரையில், மனிதரின் பி வைரசுக்கு ஒப்பான வைரசு அண்மையில் தொற்றிய நான்கு மர்மொட் வகை விலங்குகளில் மூன்று கீழாநெல்லிச் சாற்றினால் வைரசு நீங்கின என்று எழுதினர். அடுத்த ஆண்டு சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும், புளூம்பேர்க்கையும் இணைத்துக்கொண்டு, லான்செட் ஏட்டில் வெளியிட்ட ஆய்வு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. பி வைரசை நெடுங்காலம் சுமந்தவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லித் தூள். உண்டவர்கள் 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து அன்டிஜன் மறைந்தது. வெற்றுத் தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. இயல்பாக அது மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவில் என்பதை நினைத்தால் இதன் பாரம் விளங்கும்.

தொண்ணூறாம் ஆண்டு தாய்லாந்தில் அதே இனத் தாவரத்தைக் கொடுத்துப் பார்த்தனர், பலனில்லை, லான்செட்டே அதையும் வெளியிட்டது. 1994ஆம் ஆண்டு நியூசிலாந்திலும் பலனில்லை. நிலமும் பருவமும் தாவரத்தின் சத்தை மாற்றும் என்றும், கீழாநெல்லி என்ற பெயரில் வெவ்வேறு இனங்கள் கலந்துவிடுகின்றன என்றும் விளக்கங்கள் வந்தன. விளக்கங்களில் உண்மையிருக்கலாம். ஆனால் பல ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த கொக்ரேன் அறிக்கை 2011ஆம் ஆண்டு, வெற்று மருந்தைவிட இது மேல் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்றே முடித்தது. சென்னை ஆய்வாளர்களை நான் குறைகூறவில்லை. அவர்கள் தம் ஆய்வை முதற்கட்டம் என்று சொல்லியே வெளியிட்டார்கள். அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுதியவர்கள் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள்.

நான் எழுதிய அரைப்பக்கம்

1997ஆம் ஆண்டு, நான் பணியாற்றிய பத்திரிகையின் வார இதழில் ‘நோபல் அறிஞர் ஏற்ற நம் கீழாநெல்லி’ என்று அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். சென்னை ஆய்வின் எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. பாடசாலையில் ஆச்சி அரைத்துத் தந்ததையும் உருக்கமாகச் சேர்த்தேன். தாய்லாந்தையும் நியூசிலாந்தையும் நான் தேடிப் பார்க்கவில்லை. முற்றுகைக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஆய்வேடுகள் எங்கே கிடைத்தன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. என் குற்றம் அதைவிடப் பெரிது. ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வேறுபாட்டை நான் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. தானாகத் தீரும் நோயை வைத்து, தீராத நோய்க்குச் சாட்சி சொன்னேன்.

கட்டுரைக்கு வந்த பாராட்டுக் கடிதங்கள் என் பத்திரிகை வாழ்வில் அதுவரை வேறெதற்கும் வந்ததில்லை.

2000ஆம் ஆண்டு என் பெரியப்பா முறையான ஒருவர் மத்திய கிழக்குக்குப் போவதற்காகக் கொழும்பில் மருத்துவச் சோதனை செய்தார். பி வைரசு இருப்பதாகச் சொல்லித் திருப்பிவிட்டனர். ஈரல் நிபுணரைக் காணுமாறு துண்டும் கொடுத்தனர். அவர் ஊர் திரும்பினார். சுகமாகவே இருந்தார், கண்ணில் மஞ்சளில்லை, பசி இருந்தது. விசாரிக்கப் போன என்னிடம் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். என் அரைப்பக்கம். “தம்பி, நீ எழுதினதுதானே? நான் ஒவ்வொரு நாளும் விடியக் குடிக்கிறன்” என்றார். நான் அப்போதும் தடுக்கவில்லை. நல்லதுதானே என்று நினைத்துவிட்டு வந்தேன்.

தேய்த்த கண்ணாடிக் கலங்களைப் பற்றி அன்று நான் கேள்விப்பட்டதில்லை. பி வைரசு ஆண்டுக்கணக்கில் வலியில்லாமல் இருக்கும். கலம் தேங்கும், பதிலடி கொடுக்கும், சில மடியும், பக்கத்துக் கலம் பிரிந்து இடத்தை நிரப்பும். இந்தச் சாவும் பிறப்பும் இருபது முப்பது ஆண்டுகள் ஓயாமல் நடக்கும்போது தழும்பு திரள்கிறது. பிரியும் கலங்களில் பிழைகள் சேருகின்றன. வைரசின் மரபுப்பொருள் கலத்தின் மரபுப்பொருளுக்குள்ளேயே செருகிக்கொள்வதும் உண்டு. மீள வளரும் வரமே அங்கு வினையாகிறது. பெரியப்பா 2008ஆம் ஆண்டு வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஈரலில் கட்டி இருந்தது. மூன்று மாதங்கள் இருந்தார்.

லமிவுடின் என்ற வைரசு எதிர்ப்பு மருந்து 1998ஆம் ஆண்டின் இறுதியிலேயே பி வகைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. அதன் பின் என்ரெக்கவிர் 2005ஆம் ஆண்டும் ரெனோபோவிர் 2008ஆம் ஆண்டும் வந்தன. இவை வைரசை வேரோடு பிடுங்குவதில்லை. அதன் பெருக்கத்தை அடக்கி, கலத்துக்கு மூச்சுவிட இடம் கொடுக்கின்றன. அவருக்கு அவை உரிய வேளையில் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பெரியம்மா என்னிடம் கேட்டதில்லை. ஆறு மாதத்துக்கொருமுறை சோதனைக்காவது போயிருப்பார்.

தடுப்பூசியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குருதியிலிருந்து அன்டிஜனைப் பிரித்துத் தடுப்பூசி செய்யும் வழிக்குப் புளூம்பேர்க்கும் இர்விங் மில்மனும் உரிமம் பெற்றனர். 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் தடுப்பூசி அனுமதிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் மதுவத்தில் ஆக்கிய ஊசி வந்தது. 1997ஆம் ஆண்டு ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் மலிவு விலையில் ஆக்கத் தொடங்கியது. இலங்கை 2003ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் அதைச் சேர்த்தது. நான் கீழாநெல்லியைப் புகழ்ந்து எழுதிய அதே 1997இல் இந்தியாவில் அந்த மலிவு ஊசி வெளிவந்தது என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது, எந்தச் செய்தி என் கையில் வந்திருக்கவேண்டும் என்று நினைத்து வெட்கினேன்.

காங்கேசன்துறைக்கு 2015ஆம் ஆண்டு சனவரியில் புகையிரதம் மீண்டும் வந்தது. காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது எங்கள் வளவும் ஒருவாறு கிடைத்தது. வீடு இல்லை. கிணறு இருந்தது. இறைத்துத் தூர்வாரி, குளோரின் இட்டு, மறுபடி இறைத்தோம். மலக்கூடத்தை வளவின் மறுகோடியில், அடியும் பக்கமும் பூசிய தாங்கியாகக் கட்டவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மேசனுக்கு அது வீண்செலவாகப் பட்டது. “ஐயா, வெறுங் குழியெண்டால் அரைவாசிக் காசோட முடியும், கல்லு எல்லாத்தையும் உறிஞ்சிப்போடும்” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி, கல்லு உறிஞ்சும். அதனால்தான் மறுத்தேன்.

நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் கப்பல் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. அதில் வந்த உறவுக்காரப் பையன் ஒருவன், பெரியம்மாவுக்கென்று கீழாநெல்லித் தூள் பொதி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். உறையில் வேறெந்த ஆய்வைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. 1988 லான்செட் மட்டும் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. பெரியம்மா பொதியை என்னிடம் நீட்டி, “இதை என்ன செய்ய?” என்றார். முதலில் அன்டிஜன் சோதனை எடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம், அவர் மட்டுமல்லர், பிள்ளைகள் மூவரும் எடுத்ததில்லையாம். பி வைரசு குருதியாலும் தாம்பத்தியத்தாலும் பிரசவத்தாலும் கடப்பது என்று இத்தனை ஆண்டுகளில் நானும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நால்வரையும் அழைத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். மூவருக்கு இல்லை. இரண்டாவது மகனுக்கு இருந்தது. அவன் இப்போது கிளினிக்குக்குப் போய்வருகிறான், எஸ்.ஜி.பி.ரி. அளவை ஒவ்வொரு முறையும் எனக்குத் தொலைபேசியில் சொல்கிறான். பொதி இன்னும் பெரியம்மாவின் அலுமாரியில் இருக்கிறது.